நூறு சதவீதம் என்னும் பதற்றம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடை, கைக்கடிகாரம், பேனா, எதை மறந்துவிட்டுப் போனாலும் ஒரு நாளை ஓட்டிவிடுகிறேன். போன் இல்லாமல் முடியவில்லை. சரியாகச் சொன்னால், போனில் சார்ஜ் இல்லாமல் முடியவில்லை. 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மனம் எதிலும் நிற்பதில்லை. வீட்டில் ஒரு சார்ஜர், வேலையிடத்தில் ஒன்று, பையில் பவர் பேங்க். நேரம் கிடைக்கும்போதெல்லாம் செருகி நூறிலேயே வைத்திருக்கிறேன். அப்படியும் இரண்டு வருடம் ஆன போன் மாலைக்குள் படுத்துவிடுகிறது. சில நாள் 22 சதவீதம் காட்டும்போதே, கேமராவைத் திறந்ததும் அணைந்துவிடுகிறது.

இரவு முழுக்கச் செருகி வைப்பது தவறா? சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடவேண்டும் என்கிறார் அப்பா, சரியா? 10,000 என்று போட்டிருக்கும் பவர் பேங்க் என் 5,000 பேட்டரியை இரண்டு தடவை நிரப்பவேண்டும் அல்லவா? ஒன்றரை தடவைகூட வருவதில்லை. ஏமாந்துவிட்டேனா? பேசாமல் புதுப் போன் வாங்கிவிடலாமா?

இழுப்பறையில் பழைய போன் ஒன்று கிடக்கிறது. திரையின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அதில் படங்கள் இருக்கின்றன. சார்ஜ் போட்டு எடுத்துக்கொள்ளலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அந்தப் பழைய போனைச் சார்ஜில் போடாதீர்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன். இந்தப் பதிலை மேற்கொண்டு படிப்பதற்குள் அதை இழுப்பறையிலிருந்து எடுத்து, துணியும் காகிதமும் இல்லாத வெறும் தரையில் வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் பதற்றம். தீர்ந்துவிடுமோ என்று பயந்து எப்போதும் நூறில் வைக்கிறீர்கள். நூறில் வைப்பதால் பேட்டரி சீக்கிரம் கிழடாகிறது. கிழடானதால் சீக்கிரம் தீர்கிறது. தீர்வதால் இன்னும் பயந்து இன்னும் அடிக்கடி செருகுகிறீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். போனில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991ல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இதற்கு அடிப்படை போட்ட குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் பெரும்பாலும் கோபால்ட் கலந்த ஆக்சைடு, நடுவே ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற லித்தியம் அணுக்கள், ஆக்சைடிலிருந்து கிளம்பி கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. போக்குவரத்து அவ்வளவுதான். ஆனால் கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்துகொண்டே இருக்கும். அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியத்தை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டது திரும்பாது. பேட்டரி நிறைந்திருக்கும்போது அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.4 வோல்ட். அந்த உயரத்தில் ஆக்சைடும் திரவமும் இறுக்கத்தில் இருக்கின்றன, வேண்டாத வினைகள் வேகம் பிடிக்கின்றன. கூடவே வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

எவ்வளவு வித்தியாசம் என்றால், பேட்டரித் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்த பேட்டரி தன் கொள்ளளவில் சுமார் 4 சதவீதத்தை இழக்கும். நூறு சதவீதத்தோடு வைத்தால் சுமார் 20. நூறு சதவீதத்தோடு 40 டிகிரியிலும் வைத்தால் 35. இத்தனைக்கும் அதை யாரும் பயன்படுத்தவே இல்லை.

அப்பா சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்த அறிவுரை. நிக்கல் காட்மியம் பேட்டரிகளை அரைகுறையாகவே இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால், அந்த அளவையே தன் முழு அளவாக அவை பழகிக்கொள்ளும் என்ற குறை இருந்தது. லித்தியத்துக்கு அந்தக் குறை கிடையாது. மாறாக, சுத்தமாகத் தீர்த்து அப்படியே வாரக்கணக்கில் போட்டுவிட்டால் மின்னழுத்தம் மேலும் சரிந்து, உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். அதன்பின் அது பேட்டரியே அல்ல. புதுப் போனை முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடவேண்டும் என்பதும் அதே பழைய காலத்துப் பேச்சு.

‘அடிக்கடி செருகினால் ஆயுள் எண்ணிக்கை தீர்ந்துவிடும்’ என்ற பயமும் வேண்டாம். நூறு சதவீத அளவுக்கு மின்சாரம் வெளியே போனால்தான் ஒரு சுற்று. இன்று 50, நாளை 50 என்றால் இரண்டும் சேர்ந்து ஒன்று. கைபேசி பேட்டரிகள் பொதுவாக 500 முதல் 1,000 சுற்றுகளில் 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கும்படி செய்யப்படுகின்றன. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதில் தவறில்லை. நூறில் நிறுத்தி வைப்பதில்தான் தவறு. பல போன்களின் பேட்டரி அமைப்பில் ‘80 சதவீதத்தில் நிறுத்து’, ‘பேட்டரி பாதுகாப்பு’ என்பதுபோல் ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். நெடுந்தூரம் போகும் நாளில் மட்டும் கிளம்பும் முன் நூறு ஏற்றுங்கள். 20க்கும் 80க்கும் நடுவே வைப்பது நல்லதுதான், ஆனால் அதற்காக மணிக்கொருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பதற்றத்துக்குப் பதில் இன்னொன்று வந்து சேரும்.

இரவு முழுக்கச் செருகினால் பேட்டரி வழிந்துவிடாது. நிறைந்ததும் போன் தானே ஏற்றுவதை நிறுத்திக்கொள்ளும். ஆனால் விடியும்வரை நூறிலேயே உட்கார்ந்திருக்கும். நீங்கள் எழும் நேரத்தைக் கணித்து, 80ல் காத்திருந்து கடைசியில் நிரப்பும் வசதி பல போன்களில் உண்டு, அது போதும். தலையணைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள். சூடு வெளியேற வழியில்லை.

இதெல்லாவற்றையும்விட முக்கியமானது சூடுதான். சார்ஜில் போட்டபடி விளையாடுவது, வண்டியின் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வழிகாட்டிச் செயலியை ஓட்டிக்கொண்டே சார்ஜ் ஏற்றுவது, தடிமனான கவருக்குள் வைத்து வயர் இல்லாத சார்ஜரில் வைப்பது: மூன்றும் பேட்டரியின் ஆயுளை வேகமாகத் தின்றுவிடும். தொட்டால் சுடுகிறது என்றால் கவரைக் கழற்றுங்கள், கழற்றியும் சுட்டால் கேபிளை உருவுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து ஆறவைக்க வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும். சுழியத்துக்குக் கீழான குளிரிலும் சார்ஜ் ஏற்றக்கூடாது. அயனிகள் அடுக்குக்குள் போகாமல் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும்.

அடுத்தது, 22 சதவீதத்தில் அணைவது. சதவீதம் பொய் சொல்லவில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாய்தான் தூர்ந்துவிட்டது. பழைய பேட்டரியில் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, ஏறியிருக்கும். கேமரா, ஃபிளாஷ் போன்றவை ஒரே நொடியில் நிறைய மின்னோட்டம் கேட்கும். கொடுக்க முயலும்போது மின்னழுத்தம் சடாரென்று விழும். போனுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனதும் அணைந்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. முன்கூட்டியே சொல்லாததுதான் சர்ச்சை. இயற்பியல் சரிதான்.

ஆகவே புதுப் போன் வேண்டாம், புது பேட்டரி போதும். பேட்டரி அமைப்பில் ‘நலம்’ என்ற பக்கம் இருந்தால் பாருங்கள். 80க்குக் கீழே என்றால் மாற்றும் நேரம். அந்தப் பக்கமே இல்லாத போனில் அறிகுறிகள் போதும்: 40 காட்டியது சில நிமிடங்களில் 25 ஆவது, உங்களுக்கு நேர்ந்ததுபோல் திடீரென்று அணைவது. மாற்றக் கொடுக்கும்முன் படங்களை வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள், சார்ஜை 25க்குக் கீழே இறக்கிவிடுங்கள். பிரிக்கும்போது கத்தி பட்டாலும் குறைந்த சார்ஜில் ஆபத்து குறைவு. தயாரிப்பாளரின் பேட்டரியா, வேறா என்று கேளுங்கள். வேறு என்றால் சில போன்கள் நலப் பக்கத்தையே காட்டாது. பின்மூடியைப் பிரித்து ஒட்டிய போன் பழையபடி தண்ணீர் தாங்கும் என்று எண்ணவேண்டாம். உள்ளே போட்டிருந்த பசை வளையம் போயிருக்கும்.

பவர் பேங்க் விஷயத்தில் நீங்கள் ஏமாறவில்லை, அட்டையில் இருக்கும் எண்தான் அரைச் செய்தி. 10,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்பது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட் மணி, அதுதான் உள்ளே இருக்கும் ஆற்றல். உங்கள் போன் பேட்டரி 5,000 எம்ஏஎச், 3.85 வோல்ட், அதாவது 19 வாட் மணிக்குச் சற்று மேல். அப்படியே பார்த்தால் இரண்டு முறைக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 3.7ஐ 5 அல்லது 9 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்புவதிலும், போன் அதை மறுபடி இறக்கி வாங்கிக்கொள்வதிலும் இரண்டு இடத்திலும் சூடாகக் கொஞ்சம் போகிறது. உள்ளே போய்ச் சேர்வது 27, 28 வாட் மணி. ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு, நீங்கள் எழுதியதேதான். அடுத்த முறை வாங்கும்போது பின்பக்கம் பொடி எழுத்தில் 5 வோல்ட்டுக்கான எண்ணைத் தேடுங்கள். 10,000க்கு அது 6,000 அளவில் இருந்தால் நேர்மையான சரக்கு. விமானத்தில் போவதானாலும் வாட் மணிதான் கணக்கு. 100 வரை கைப்பையில் கொண்டுபோகலாம், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போது பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்று சார்ஜரை மாற்றுவதற்கு முன் போர்ட்டைப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு அதற்குள் போய், ஒவ்வொரு முறை செருகும்போதும் அமுங்கிக் கெட்டியாகியிருக்கும். கேபிளின் முனை முழுதாக உள்ளே போகாமல் லேசாக ஆடினால் அதுதான். போனை அணைத்து, மரப் பல்குச்சியால் பக்கவாட்டில் மெல்ல நெம்புங்கள். ஊசி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். அதன்பின் கேபிளைச் சந்தேகியுங்கள். மெல்லிய கம்பி போட்ட நீளக் கேபிளில் வழியிலேயே மின்னழுத்தம் விழுந்துவிடும். சில நிறுவனங்களின் அதிவேகச் சார்ஜ் அவர்கள் தரும் கேபிளும் அடாப்டரும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அடாப்டரில் ‘9 வோல்ட், 2.22 ஆம்பியர்’ என்றிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், 20 வாட்.

மாலைக்குள் தீர்வதற்குப் பேட்டரியின் வயது மட்டும் காரணமாக இருக்காது. திரைக்கு அடுத்தபடி பெருந்தீனிக்காரன் பலவீனமான சிக்னல். கோபுரம் எட்டாத இடத்தில் போன் உரக்கக் கத்திக்கொண்டே இருக்கும். நிலத்தடித் தளத்தில் நாள் முழுக்க வேலை என்றால் வைஃபையில் இணைத்து ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வித்தியாசம் அன்றே தெரியும். வைஃபை வழி அழைப்பு வசதி இல்லாவிட்டால் சாதாரண அழைப்புகள் வராது, அதை யோசித்துச் செய்யுங்கள். செயலிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடும் பழக்கத்தை விடுங்கள். மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் மின்சாரம் போகும்.

அந்த 30 சதவீத நடுக்கத்துக்கும் ஒரு காகிதம் உதவும். போன் அணைந்தால் உண்மையில் என்னென்ன நின்றுபோகும் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று எண்கள், ஒரு முகவரி, ஒரு பயணச்சீட்டு, மின்னஞ்சலுக்குள் நுழையப் போனுக்கு வரும் குறியீடு. எண்களையும் முகவரியையும் ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வையுங்கள், பயணச்சீட்டை அச்செடுத்துக்கொள்ளுங்கள். போனுக்கு வரும் குறியீட்டுக்குப் பதிலாகப் பயன்படும் மாற்றுக் குறியீடுகளை மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்திலேயே உருவாக்கலாம். அவற்றை அச்செடுத்து வீட்டில் பத்திரமாக வையுங்கள், பணப்பையில் வேண்டாம்.

இப்போது தரையில் இருக்கும் பழைய போன். திரை தூக்கியிருப்பதற்குக் காரணம் பேட்டரி உப்பியிருப்பது. உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி உறையை ஊதியிருக்கிறது. அந்த நிலையில் மின்சாரம் ஏற்றினால் உள்ளே தகடுகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கலாம். கணினியில் கேபிள் போட்டுப் படங்களை இழுப்பதும் சார்ஜ் போடுவதேதான், அதுவும் கூடாது. முதலில் வேறொரு கருவியில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து பாருங்கள். படங்கள் அங்கே ஏற்கனவே ஏறியிருக்கலாம். இல்லையென்றால் பழுது பார்ப்பவரிடம், உப்பிய பேட்டரி என்று முதலிலேயே சொல்லி, அதைக் கழற்றி வேறு பேட்டரி போட்டபின் போனைத் திறக்கச் சொல்லுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். எடுத்துப் போகும் வழியில், தூக்கிய திரையை விரலால் அமுக்கி மூடிப் பார்க்காதீர்கள். கை அப்படித்தான் போகும்.