அந்த நாணயத்தில் 1327 என்றிருப்பது அச்சிட்ட ஆண்டு அல்ல

நண்பருக்கு வணக்கம். தாத்தாவின் பெட்டியில் கிடைத்த துருக்கி நாணயத்தில் 1327 என்றும் ஆங்கில 'வி' (V) போன்ற குறியும் உள்ளன, ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய நாட்காட்டியில் 1327 என்றால் கி.பி. 1909 ஆயிற்றே, முதல் உலகப்போர்க் கால நாணயம் என்று தாத்தாவுக்கு விற்றவர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம்.

1327 என்பது துருக்கி சுல்தான் ஐந்தாம் மெஹ்மத் அரியணை ஏறிய ஹிஜ்ரி ஆண்டு. அவருடைய நாணயங்களில் அது மாறாது. நீங்கள் 'வி' என்று படித்தது ஐந்தாம் என்பதற்கான ரோமன் எண் அல்ல, அரபு எழுத்துமுறையில் 7 என்ற எண். அதாவது ஆட்சியின் ஏழாம் ஆண்டு; ஏறத்தாழ 1915. தலைகீழாக இருந்தால் அது 8. ஆகவே எழுத்துகளை வைத்து எது மேல்பக்கம் என்று முதலில் பாருங்கள்.

சுல்தானின் முத்திரைக்கு வலப்புறம் இருக்கும் சொல்லையும் பாருங்கள். தொடக்க ஆண்டுகளில் அங்கே அவர் பெயரின் பகுதியான 'ரெஷாத்' என்றிருக்கும். ஏழாம் ஆண்டிலிருந்து 'அல் காஸி', வெற்றி வீரர் என்ற பட்டம் வருகிறது. லிபியாவும் பால்கன் நிலங்களும் கைவிட்டுப் போனது இவர் காலத்தில்தான். 1913 முதல் உண்மை அதிகாரம் என்வர், தலாத், ஜெமால் ஆகிய, 'பாஷா' என்ற உயர் பட்டம் பெற்ற மூவரின் கையில். பட்டம் மட்டும் இவருக்கு!