குண்டுக் கணக்கை யார் சொன்னது?

கேள்வி: எங்க டீக்கடையில ஒரே தகராறு சார். இந்தியாகிட்ட 172 அணுகுண்டு இருக்குன்னு ஒருத்தர், 180ன்னு இன்னொருத்தர். ரெண்டு பேருமே போன்ல காட்றாங்க. ராணுவ ரகசியம் எப்படி வெளிய வருது? எதை நம்புறது?
- கே. முருகேசன், காசிமேடு

பதில்: ரெண்டுமே சரிதான் முருகேசன். ரெண்டும் ஸ்டாக்ஹோம்ல இருக்கிற சிப்ரி ஆய்வு நிறுவனத்தோட கணக்கு. 172ங்கிறது 2024 ஜனவரிக்கு, 180ங்கிறது 2025 ஜனவரிக்கு. வாட்ஸ்அப்ல அனுப்புறவங்க தேதியை வெட்டிட்டு அனுப்புவாங்க, நாம அடிச்சுக்குவோம்.

ஆனா இது மதிப்பீடு. டெல்லி இதுவரைக்கும் எண்ணிக்கை சொன்னதே இல்ல. குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியம் எவ்வளவு சேர்ந்திருக்கும், எத்தனை ஏவுகணை படைக்கு வந்திருக்கு, செயற்கைக்கோள் படத்துல என்ன தெரியுதுன்னு பார்த்துப் போடுற கணக்கு. நம்ம அரசு வெளிப்படையா சொன்னது கொள்கையை மட்டும்தான். 'முதல்ல பயன்படுத்த மாட்டோம்'னு 2003 ஜனவரி 4ஆம் தேதி வந்த அறிக்கையைப் படிங்க, சின்னதுதான்.

அமெரிக்காக்காரன் விஷயம் வேற. நாகசாகியில குண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 9. 12ஆம் தேதியே குண்டு உருவான கதையை அரசாங்கமே வெளியிட்டுச்சு. ஹென்றி ஸ்மைத்ங்கிற இயற்பியல் பேராசிரியர் எழுதின அறிக்கை அது. தாராள மனசெல்லாம் இல்ல. 'இதுவரைக்கும் பேசலாம், இதுக்கு மேல வாயைத் திறக்காதே'ன்னு விஞ்ஞானிகளுக்குப் போட்ட கோடு.

எனக்குப் பிடிச்சது அவங்க எரிசக்தித் துறை போட்ட சோதனைப் பட்டியல். 1945 முதல் 1992 வரை 1,054 சோதனை. ஒவ்வொண்ணுக்கும் பேர், தேதி, இடம், வெடிச்ச விதம், வலிமை. முதல் வரி டிரினிட்டி: 1945 ஜூலை 16, கோபுரத்து மேல, 21 கிலோடன் (ஒரு கிலோடன்னா ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தோட சக்தி). பின்னாடி பூமிக்கடியில வெடிச்சதுல பலதுக்கு '20 கிலோடன்னுக்குக் குறைவு'ன்னு மட்டும் போட்டு மழுப்பியிருப்பாங்க. ரகசியம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு அங்கதான் தெரியும். சில சோதனைக்குப் பாலாடைக்கட்டி வகைகளோட பேரு! கேமம்பேர், ஈடம்னு. எந்த மகராசன் வெச்சானோ.

கேள்வி: இதையெல்லாம் படிச்சிட்டு யாராவது குண்டு செஞ்சிட மாட்டாங்களா சார்?
- பிளஸ் டூ மாணவி, ராயபுரம்

பதில்: வண்ணாரப்பேட்டையில நான் பாடம் எடுத்தப்பவும் பசங்க இதைத்தான் கேப்பாங்க. படிப்பு இல்லம்மா தடை, மூலப்பொருள்தான். யுரேனியத்தைச் செறிவூட்டுறதுக்காகவே, அதாவது குண்டுக்கு ஏத்த வகையைப் பிரிச்சுச் சேர்க்குறதுக்காகவே, அமெரிக்கா ஓக் ரிட்ஜ்னு ஒரு ஊரையே கட்டுச்சு. 1945ல அங்க 75,000 பேர் குடியிருந்தாங்க, ஆனா வரைபடத்துல ஊரே கிடையாது. அந்தக் கதையும் ஸ்மைத் அறிக்கையில இருக்கு. யார் வேணா மறுபதிப்பு செய்யலாம்னு அனுமதியோட வந்ததால இணையத்துல இலவசமா கிடைக்குது. உன் இயற்பியலுக்கு முதல் அத்தியாயம் தாராளமா புரியும்.