மூடிப்போன தோல் தொழிற்சாலை இருந்த இடத்தில் மனை வாங்கலாமா? மண் கெட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மண்ணையும் தண்ணீரையும் சோதிக்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு முழுக்க இந்தக் கேள்வி இருக்கிறது. எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மேல்விஷாரத்துக்குப் பக்கத்தில் என் பெரியப்பா ஒரு மனை வாங்கினார். நகர் ஊரமைப்புத் துறையின் டிடிசிபி அப்ரூவல் இருந்தது. பட்டா சரி. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று. பார்வைக்கு நல்ல செம்மண். பில்லர் குழி தோண்டும்போது மூன்றடிக்குக் கீழே மண் கறுத்தது. ஐந்தாவது அடியில் மண்வெட்டியோடு சாம்பல் நீலத்தில் நார் நாராக ஏதோ வந்தது. மேஸ்திரி அதை விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது தோல் சீவல் சார். எங்கப்பா தோல் ஷேவிங் மிஷின்ல வேலை பார்த்தவரு, எனக்குத் தெரியும்" என்றார். மறுநாள் காலையில் குழிச் சுவர் முழுக்க வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. மேலே இருந்த செம்மண் எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து பரப்பியது. வாங்கிய காகிதங்களில் மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதனால் முதல் வேலை, அந்த இடத்தின் கதையை விசாரிப்பது. அங்கே வேலை செய்த பெரியவர்கள் யாராவது பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, எந்தக் காலத்தது, எதை வைத்துப் பதனிட்டார்கள், தொட்டிகள் எந்த மூலையில் இருந்தன, கழிவு எந்தப் பக்கம் ஓடியது என்று கேளுங்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழைய இடமென்றால் பெரும்பாலும் உப்புதான் பிரச்சினை. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு போட்டுத்தானே வரும். எழுபதுகளுக்குப் பிறகு குரோம் பதனிடல் பரவியது. அப்படிப்பட்ட இடத்தில் உப்போடு குரோமியமும் இருக்கும். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பார்த்தால் தொட்டிகள் இருந்த இடமே சில சமயம் தெரிந்துவிடும்.

குரோமியத்திலும் இரண்டு வகை. பதனிடப் பயன்படுவது மூன்றிணைதிறன் குரோமியம், அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரிதாக நகராது. ஆறிணைதிறன் குரோமியம் அப்படியில்லை. தண்ணீரில் கரையும், நிலத்தடி நீரோடு போகும், புற்றுநோய் வரவழைக்கும். தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்ட ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை குரோமேட் ஆலைக்குள் குவிந்து கிடந்த சுமார் 2.27 லட்சம் டன் கழிவில் இருந்தது இந்த இரண்டாவது வகைதான். மழை பெய்தால் அங்கிருந்து மஞ்சளாக நீர் வழிந்ததை ஊரே அறியும். ஆகவே லேபில் மொத்தக் குரோமியம் மட்டும் பார்த்தால் போதாது. ஆறிணைதிறனைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். குளோரைடு, சல்பேட்டும் சேர்த்துப் பாருங்கள், அவை அஸ்திவாரக் கம்பியையும் கான்கிரீட்டையும் அரிக்கும்.

மண்ணை மேலாக அள்ளிக் கொடுக்காதீர்கள். பரப்பிய செம்மண்தான் போகும், ரிப்போர்ட் நன்றாகவே வரும். ஓரடி, மூன்றடி, ஆறடி என்று ஆழம் பிரித்து, தொட்டி இருந்த பக்கத்திலும் பள்ளமான மூலையிலும் எடுக்க வேண்டும். என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்குத் தேசிய அளவில் தரச்சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப் ஆட்களே வந்து எடுத்தால் நல்லது. பக்கத்து போர்வெல் தண்ணீரையும் சோதிக்கக் கொடுங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது.

சரி, கெட்டிருந்தால்? கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்து கும்மிடிப்பூண்டியில் இருக்கிற அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பலாம், செலவு அதிகம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்பார்களே, அந்த இரும்பு சல்பேட்டைக் கலந்து ஆறிணைதிறனை மூன்றிணைதிறனாக மாற்றலாம். அதை விஷயம் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும், நாமே தூவுகிற காரியமில்லை. இன்னொன்று, மழை உள்ளே இறங்காதபடி மேலே மூடி, போர்வெல் போடாமல், கிடங்காகவோ ஒர்க்‌ஷாப்பாகவோ பயன்படுத்துவது. என் கருத்தில் நம் ஊரின் பல இடங்களுக்கு இதுதான் நடக்கக்கூடியது. குழந்தைகள் மண்ணில் விளையாடும் வீடு வேண்டாம், கீரைப் பாத்தி வேண்டவே வேண்டாம்.

தனியாளாக இந்தச் செலவைத் தாங்க வேண்டிய நியாயமும் இல்லை. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதைக் குறிப்பிட்டு, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே வேலூர் வழக்கில் சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகமான இடங்களை மாவட்ட நிர்வாகம் தெரிவிக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய வேண்டும். லேப் ரிப்போர்ட்டோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

பெரியப்பா மனையில் ஆறிணைதிறன் இல்லை. மொத்தக் குரோமியமும் உப்பும் மிக அதிகம். தோண்டிய மண் இரண்டு டிராக்டர் லோடு கிடந்தது. ராத்திரி பாலாற்றங்கரையில் கொட்டிவிடலாம் என்றார் டிராக்டர்காரர். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அதே குழியில் திரும்பப் போட்டு, தடித்த பிளாஸ்டிக் ஷீட் விரித்து, மேலே கான்கிரீட் போட்டு, மழைத்தண்ணீர் ஒதுங்க வாட்டம் கொடுத்தார். இப்போது அங்கே ஒரு சிமென்ட் குடோன் இருக்கிறது. அவர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.