மரமும் பாறையும் ஏறும் பிள்ளைகள்: திருகோணமலைப் பெற்றோர் கேட்டவை

(சிறுவர்களுக்கு ஏறுதல் பழக்கும் ஒருவர் பதில் சொல்கிறார்.)

உப்புவெளி அம்மா: அண்ணா, ஆறு வயது மகன் எந்நேரமும் மாமரத்தில்தான். மறிக்கட்டுமா?

மறிக்காதீர்கள் தங்கச்சி. ஆனால் நீங்களே தூக்கிக் கிளையில் இருத்திவிடாதீர்கள். தன் பலத்தில் ஏறுகிற பிள்ளை தன் அளவோடு நிற்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் உங்கள் இடுப்பளவு உயரத்திலேயே இறங்கப் பழக்குங்கள்: முகம் மரத்தைப் பார்க்க, இரண்டு கை, இரண்டு காலில் எப்போதும் மூன்று பிடியில் இருக்க வேண்டும். அது வந்த பிறகு மேலே போகட்டும். முருங்கை வேண்டவே வேண்டாம், சடக்கென்று முறியும். மாரியில் பட்டை வழுக்கும், காயும் வரை பொறுங்கள். அப்புறம், கீழே நின்று "விழப்போறாய்!" என்று கத்தாதீர்கள். "இடது காலை எங்கே வைக்கப்போறாய்?" என்று கேளுங்கள்.

கிண்ணியா வாப்பா: சைக்கிள் ஹெல்மெட் போட்டு மரத்தில் ஏற விடலாமா?

கூடாது. கிளை இடுக்கில் ஹெல்மெட் சிக்கினால் அதன் பட்டி கழுத்தை இறுக்கிவிடும். சால்வையும் கழுத்துச் சங்கிலியும் அப்படித்தான். மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். கயிறு கட்டிப் பாறை ஏறும்போது கதை வேறு: பாறை ஏறுவதற்கென்றே செய்த ஹெல்மெட் கட்டாயம்.

நிலாவெளி அப்பா: அந்தக் கயிற்றுக்கு இடுப்புப் பட்டி போதுமா?

சின்னப் பிள்ளைக்குப் போதாது. இடுப்பு ஒடுக்கம், தலைகீழாகப் புரண்டால் பட்டி நழுவிவிடும். தோளையும் சேர்த்துப் பிடிக்கிற முழு உடல் பட்டி வாங்குங்கள். முடிச்சை ஒவ்வொரு முறையும் இன்னொருவர் கண்ணால் பார்த்த பிறகே ஏறட்டும்.

ஒரு தம்பி: இராவணன் வெட்டுப் பக்கம் ஏறலாமா?

வேண்டாம் தம்பி. கோணேசர் கோவில் மலை அது, கும்பிடுகிற இடம். பாறையும் செங்குத்தாகக் கடலுக்கு இறங்குகிறது.

மூதூர் அம்மா: ஒலிம்பிக் பார்த்ததிலிருந்து பதின்மூன்று வயது மகள் கதவு நிலையில் விரலால் தொங்குகிறாள்.

ஆசை நல்லது. 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான் இந்த ஏறும் விளையாட்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஆனால் விரல் நுனியில் தொங்குவதை நிறுத்துங்கள். வளரும் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் மென்மை, திரும்பத் திரும்பப் பாரம் ஏறினால் அங்கே வெடிப்பு வரும். விரலின் நடு மூட்டில் நோ என்று சொன்னால் எண்ணெய் தடவிச் சமாளிக்காமல் ஏறுவதை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். நோ இல்லையென்றால், வளர்ந்து முடியும் வரை விரலை நம்பாமல் காலின் பலத்தில் ஏறப் பழகட்டும்.