இன்ஜினை வீட்டிலேயே மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் வைத்தே கார் இன்ஜினை இறக்கி ஏற்றுவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவில்லை. ஒரே மாதிரி வந்த கடிதங்களைச் சேர்த்துவிட்டேன்.

சேலம்: 2004 மாருதி 800 வைத்திருக்கிறேன். நீலப் புகை அடிக்கிறது. நானும் தம்பியும் சேர்ந்து போர்ட்டிகோவிலேயே இன்ஜினை மாற்ற முடியுமா?

முடியும். 796 சி.சி., மூன்று சிலிண்டர், கைவிட இடம் இருக்கிற பானெட். முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நான்கைந்து நாள் வண்டி நகராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒன்று. புகை எப்போது வருகிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு மேகம் போட்டுவிட்டு அடங்கிவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல்தான் (வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்). அதற்குப் போய் இன்ஜினையே மாற்ற வேண்டாம். எப்போதும் புகைகிறது, ஆயிலும் குறைகிறது என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோவுக்குக் கீழே போயிருந்தாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ பிறகு இன்ஜினைப் பற்றிப் பேசலாம்.

இறக்குவது என்று முடிவானால், முதல் வேலை பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது. அப்புறம் ஒவ்வொரு ஹோஸையும் கப்ளரையும் கழற்றும் முன்பே போனில் படம் எடுத்து, டேப் ஒட்டி எண் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஊர் பெயர் இல்லாத கடிதம்: என் காரில் இன்ஜின் பிராப்ளம். மாற்ற எவ்வளவு ஆகும்?

என்ன கார், எந்த வருடம், பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன பிராப்ளம்? ஐந்தில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. இவற்றை எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன். பொதுவாக ஒன்று மட்டும் சொல்லலாம்: பழைய இன்ஜினின் விலையோடு செலவு நிற்காது. கேஸ்கெட், ஆயில் சீல், டைமிங் பெல்ட், கிளட்ச் செட், மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்புகள்), ஆயில், கூலண்ட் என்று இன்ஜின் விலையில் கால் பங்காவது மேலே போகும். கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து கியர் பாக்ஸை மறுபடி இறக்குகிறவர்கள் நிறைய.

திருநெல்வேலி: போர்ட்டிகோவில் பழைய ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. அதில் செயின் பிளாக் மாட்டி இன்ஜினைத் தூக்கலாமா?

வேண்டாம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் சுமார் 100 கிலோ இருக்கும், டீசல் 150ஐ நெருங்கும், கியர் பாக்ஸ் சேர்ந்தால் இன்னும் முப்பது நாற்பது. மூன்று பேர் ஆடிய கொக்கி தாங்காதா என்று கேட்பீர்கள். அசையாத எடையை ஒருவேளை தாங்கும். ஆனால் மவுண்டிங்கில் சிக்கிய இன்ஜின் திடீரென்று விடுபடும்போது ஒரு சுண்டு சுண்டும். கான்கிரீட்டுக்குள் அந்தக் கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மாமரக் கிளை, சன்ஷேடு, ஷெட்டின் ஆங்கிள் என்று கேட்ட மற்றவர்களுக்கும் இதே பதில்தான். மடக்கு இன்ஜின் கிரேன் பெரிய ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் வெல்டிங் பட்டறையில் கனமான பைப்பில் முக்காலி அடித்து வாங்குங்கள். செயின் பிளாக் அரை டன்னுக்குக் குறையக் கூடாது. இன்ஜின் தொங்கும்போது யாருடைய கையும் காலும் அதன் அடியில் இருக்கக் கூடாது.

ஓசூர்: ஏ.சி. கேஸை முதலில் இறக்கிவிட வேண்டுமா?

தேவையில்லை. கம்ப்ரஸரின் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, பைப்புகள் கோத்தபடியே ஓரமாகத் தள்ளிக் கட்டிவையுங்கள். பைப்பின் மேல் எடை தொங்கக் கூடாது.

கோவை: சென்னையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய இன்ஜின் வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? ஆர்.சி.யில் ஏதாவது செய்ய வேண்டுமா?

முதலில் காகிதம். இன்ஜின் நம்பர் எழுதிய பில் வேண்டும், அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகலும் வேண்டும். இன்ஜின் பிளாக்கில் நம்பர் தேய்க்கப்பட்டிருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு வண்டியின் இன்ஜின் உங்கள் பானெட்டுக்குள் இருந்தால் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அப்புறம் இன்ஜின். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு இரண்டு சுற்று முழுதாகச் சுற்றுங்கள். எங்கும் இடிக்கவோ பிடிக்கவோ கூடாது. தண்ணீர் போகும் வாய்களுக்குள் டார்ச் அடியுங்கள். செங்கல் நிறத்தில் துருவும் உப்பும் அடைத்திருந்தால் அது சூடேறிச் செத்த இன்ஜின். மேலே பளபளவென்று வெள்ளி பெயின்ட் அடித்திருந்தால் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஆர்.சி. விஷயத்தில் சோம்பேறித்தனம் கூடாது. அதே கம்பெனி, அதே வகை இன்ஜினாக இருக்கட்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டவர்கள் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. பதிந்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் போடுங்கள். பாலிசியில் ஒரு இன்ஜின் நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்றிருந்தால் விபத்துக்குப் பிறகு நீங்கள்தான் அலைவீர்கள்.

மதுரை: மாருதி 800இல் ஸ்விஃப்ட் டீசல் இன்ஜின் ஏற்றலாமா?

கூடாது. பெட்ரோல் என்று பதிவான வண்டியை உங்கள் இஷ்டத்துக்கு டீசலாக்க முடியாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். பிரேக்கும் சஸ்பென்ஷனும் அந்த எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல.

நாகர்கோவில்: 800இன் இன்ஜின் ஆம்னிக்குப் பொருந்துமா?

ஒரே குடும்பம்தான், ஆனால் 800இல் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது, ஆம்னியில் நெடுக்கே உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. மவுண்டிங்கும் மேனிஃபோல்டும் மாற்ற வேண்டிவரும். ஆம்னி இன்ஜினையே தேடி வாங்குங்கள். அதை சீட்டுக்கு அடியிலிருந்து கீழ்வழியாகத்தான் இறக்க வேண்டும், அதனால் வண்டி நன்றாக உயர வேண்டும். அவ்வளவு உயரத்தில் ஜாக்கியை நம்பாதீர்கள், செங்கல் அடுக்கையும் நம்பாதீர்கள். நான்கு ஸ்டாண்டு.

கரூர்: இன்ஜின் சீஸ் ஆகி (சுற்ற முடியாமல் இறுகி), பழைய இன்ஜின் வாங்கி மாற்றினோம். அதுவும் நான்கு மாதத்தில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள தகடு) போய்விட்டது. டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லை. முன்பே ஹீட் ஆகும் வண்டி என்பதால் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஃபேனையும் எப்போதும் ஓடும்படி டைரக்ட் பண்ணியிருந்தார். தண்ணீர் தினமும் ஊற்றுவோம். மூன்றாவது இன்ஜின் வாங்கலாமா?

வாங்காதீர்கள். இப்போது வாங்கினால் அதையும் கொன்றுவிடுவீர்கள். இந்த மாதிரிக் கடிதம் வராத மாதமே இல்லை, படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

முதல் இன்ஜின் ஏன் செத்தது என்று யாராவது பார்த்தீர்களா? "தண்ணீர் தினமும் ஊற்றுவோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கூலிங் சிஸ்டம் மூடிய சிஸ்டம். தினமும் குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது சிலிண்டருக்குள் போய் ஆவியாகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே ஊற்றியதுதான் முதல் குற்றம்.

இரண்டாவது குற்றம் ஊற்றிய தண்ணீர். கரூர் என்கிறீர்கள், போர் தண்ணீராகத்தான் இருக்கும். டீ பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய டியூபுகளுக்குள்ளும், ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழிகளிலும் படிகிறது. பாதி டியூப் அடைந்த ரேடியேட்டரை வைத்துக்கொண்டு இன்ஜினை மாற்றி என்ன பயன்? "நம்ம ஊரில் பனியா உறைகிறது, கூலண்ட் எதற்கு" என்று சொல்கிறவர்களுக்காக மறுபடி எழுதுகிறேன். உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலை மட்டுமே. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் கொதிநிலையை ஏற்றுவதும் நமக்குத் தேவையான வேலைகள். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் நல்ல ரேடியேட்டர் மூடி, இரண்டும் சேர்ந்தால் 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி அங்கேயே முடிந்தது.

மூன்றாவது, தெர்மோஸ்டாட். அது 82 டிகிரியை ஒட்டித் திறந்து, இன்ஜினைச் சரியான சூட்டில் வைத்திருக்கிற வால்வு. அதைக் கழற்றினால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். கம்ப்யூட்டர் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும், ரிங் தேயும். சில இன்ஜின்களில் அதைக் கழற்றியதும் பைபாஸ் வழி மூடாமலே இருந்து, சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவிடும். ஹீட் ஆகிறது என்று செய்த வேலையே பெரிய லோடில் ஹீட்டைக் கூட்டும். ஃபேனை டைரக்ட் செய்வதும் இப்படித்தான். அடைந்த ரேடியேட்டரை மறைக்கத்தான் அது பயன்படும், அதுவும் சில மாதங்களுக்கு.

முள் ஏறவில்லை என்கிறீர்கள். சென்ஸர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் முள் உண்மை பேசும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழேயே கிடக்கும்.

இனி இதைச் செய்யுங்கள். ரேடியேட்டரைப் புதிதாகப் போடுங்கள், கழுவிப் பார்க்க வேண்டாம். மூடி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸும் புதிது. ஃபேனின் ரிலேயையும் வயரிங்கையும் கம்பெனி அமைப்புக்குக் கொண்டுவாருங்கள். இப்போதைய இன்ஜினில் ஹெட்டை லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், வளைந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன மாருதி பெட்ரோல் ஹெட்டுகளில் 0.05 மி.மீ.க்கு மேல் வளைவு கூடாது. பிளாக்கும் சிலிண்டரும் நன்றாக இருந்தால் மூன்றாவது இன்ஜினுக்கே தேவை வராது.

சென்னை: ஸ்விஃப்டில் வேறு இன்ஜின் ஏற்றினோம். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை. மீட்டரில் சாவி விளக்கு மின்னுகிறது.

இன்ஜினோடு வந்த ஈ.சி.எம்.ஐயும் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) மாட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. உங்கள் சாவி அதற்குத் தெரியாது. உங்கள் வண்டியின் பழைய பெட்டியையே திரும்ப மாட்டுங்கள். டீசலாக இருந்து இன்ஜெக்டர்களையும் மாற்றியிருந்தால், அவற்றின் மேல் உள்ள குறியீட்டு எண்ணை ஸ்கேனர் மூலம் ஈ.சி.எம்.மில் ஏற்ற வேண்டுமா என்று பாருங்கள். பெரும்பாலான காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்) வண்டிகளில் ஏற்ற வேண்டியிருக்கும்.

புதுக்கோட்டை: இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. உட்காரவே மாட்டேன் என்கிறது. போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாமா?

இறுக்காதீர்கள். கியர் பாக்ஸின் காது உடையும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி நசுங்கும். கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று அர்த்தம். பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, சென்டரிங் டூல் போட்டு, மறுபடி இறுக்குங்கள். லொக்கேட்டிங் பின் இரண்டும் இருக்கின்றனவா, நடுவில் வயரோ ஹோஸோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கியரில் போட்டு, கிராங்கை லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் கையாலேயே போய் உட்காரும். அதுவரை கியர் பாக்ஸின் எடை ஷாஃப்டில் தொங்காதபடி அடியில் முட்டுக்கொடுங்கள். நீங்கள் அடியில் படுத்திருக்கிறீர்கள் என்றால் ஸ்டாண்டு இருக்கிறதா?

ஈரோடு: டர்போ வெடித்து இன்ஜின் போன டீசல் வண்டி. இன்ஜின், டர்போ இரண்டும் மாற்றுகிறோம். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

நல்ல கேள்வி. இன்டர்கூலரும் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் பகுதி) அதன் பைப்புகளும். பழைய டர்போவின் உலோகத் துணுக்கும் ஒழுகிய ஆயிலும் அங்கேதான் தேங்கிக் கிடக்கும். அப்படியே மாட்டினால் துணுக்கு புது இன்ஜினுக்குள் போகும். அதைவிட மோசம், தேங்கிய ஆயிலையே எரிபொருளாகக் குடித்து இன்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றும், சாவியை எடுத்தாலும் நிற்காது. இன்டர்கூலரை மாற்றிவிடுவது நல்லது. டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பைப் புதிதாகப் போடுங்கள்.

வேலூர்: எல்லாம் மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பிவிடலாமா?

பொறுங்கள். ஆயில் ஊற்றினீர்களா? சிரிக்காதீர்கள், மறந்தவர்கள் இருக்கிறார்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரை மாட்டியிருக்கிறீர்களா பாருங்கள். பேட்டரியில் மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் பிளக்குகளைக் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ரேஸ் கொடுக்காமல் ஓடவிட்டு, கூலண்டில் ஏர் லாக் (சிக்கிய காற்று) போகும் வரை மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். ஃபேன் ஒருமுறை தானாக ஓடி நிற்கும் வரை பக்கத்திலேயே இருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. மறுநாள் காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது ஆயிலையும் கூலண்டையும் மறுபடி பாருங்கள். லேத் பட்டறையில் ரீபோர் செய்த (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிய) இன்ஜின் என்றால் முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள்.