ஆர்சி ஃபைலில் மெனு எழுதுவது எப்படி, ஷார்ட்கட் ஏன் வேலை செய்யவில்லை?

விண்டோஸ் நிரலின் மெனு, ஷார்ட்கட் போன்றவற்றை எழுதிவைக்கும் ஆர்சி (.rc) ஃபைலில், “சேமி” என்ற மெனு வரியில் கண்ட்ரோல்+எஸ் என்று எழுதியும் அந்த விசைகளை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்காது. டேபுக்கு அப்புறம் எழுதுவது வலது ஓரத்தில் காட்டுவதற்கு மட்டும்தான். அதைப் படித்து விசையை இணைக்கும் வேலையை விண்டோஸ் செய்வதில்லை.

மெனுஐட்டம் வரியில் முக்கியமானவை இரண்டு: கண்ணுக்குத் தெரியும் பெயர், அதற்குரிய எண். எண்களுக்குப் பெயர் வைக்கும் ரிசோர்ஸ்.ஹெச் ஃபைலில் ஐடிஎம்_சேவ் என்பதை 40001 என்று டிஃபைன் செய்திருந்தால், பயனர் அந்த மெனுவைத் தொட்டதும் உங்கள் விண்டோவுக்கு டபிள்யூஎம்_கமாண்ட் மெசேஜ் வரும். அந்த மெசேஜோடு வரும் டபிள்யூபேராம் என்ற மதிப்பின் கீழ் 16 பிட்டில் 40001 இருக்கும். பெயர் வராது, எண்தான் வரும்.

ஷார்ட்கட்டுக்கு அதே ஆர்சி ஃபைலில் அக்செலரேட்டர்ஸ் (ஷார்ட்கட் விசைகள்) என்று தனி அட்டவணை வேண்டும். அதில் எஸ் எழுத்து, அதே ஐடிஎம்_சேவ், கூடவே விர்ட்கீ, கண்ட்ரோல் என்று ஒரு வரி. விர்ட்கீயை விட்டுவிடாதீர்கள், எழுத்தை அல்ல, விசையையே பார்க்கச் சொல்வது அது; அது இருந்தால் பயனர் தமிழ் கீபோர்டில் இருக்கும்போதும் கண்ட்ரோல்+எஸ் வேலை செய்யும். அப்புறம் லோட்அக்செலரேட்டர்ஸ் மூலம் அட்டவணையை ஏற்றி, மெசேஜ்களை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும் மெசேஜ் லூப்பில் டிரான்ஸ்லேட்மெசேஜுக்கு முன்னால் டிரான்ஸ்லேட்அக்செலரேட்டரை அழையுங்கள். அது பூஜ்யம் அல்லாத மதிப்பைத் தந்தால் அந்த மெசேஜை மேலே அனுப்பக் கூடாது. அட்டவணையைச் சரியாக எழுதியவர்கள்கூட பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இதைச் செய்துவிட்டால் மவுஸில் தொட்டாலும் விசையை அழுத்தினாலும் ஒரே எண், ஒரே மெசேஜ். டபிள்யூபேராமின் மேல் 16 பிட்டில் மட்டும் மெனு என்றால் 0, அக்செலரேட்டர் என்றால் 1. சேமிக்கும் கோடை ஒரே இடத்தில் எழுதினால் போதும். மெனுவில் “சேமி”யை மங்கலாக்கி வைத்தால் விசையும் தானாகவே அடங்கிவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு இது!

ஒரு எச்சரிக்கை. மெனு முழுவதற்கும் ஆர்சி ஃபைலில் வைக்கும் அடையாளப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால், அந்த ஃபைலைத் தொகுக்கும் ரிசோர்ஸ் கம்பைலர் திட்டாது. டிஃபைன் ஆகாத பெயரை எண்ணாக இல்லாமல் சரமாக எடுத்துக்கொண்டு போய்விடும். நிரல் ஓடும்போது மெனுவை ஏற்றும் லோட்மெனு, நல் (வெற்று மதிப்பு) தரும். மெனு இல்லாத விண்டோ வந்தால், கடைசிப் பிழையின் எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எர்ரர் 1814 (அந்தப் பெயரில் ரிசோர்ஸ் இல்லை) சொல்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மெனுவைத் தமிழில் வைப்பதானால் ஃபைலை யூடிஎஃப்-8இல் சேமித்து, மேலே பிராக்மா கோட்பேஜ் 65001 (யூடிஎஃப்-8இன் எண்) வரியைப் போடுங்கள். ஆல்ட் விசையோடு அழுத்த வேண்டிய எழுத்தைக் குறிக்கும் ஆம்பர்சேண்டை (&) தமிழ் எழுத்துக்கு முன்னால் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆங்கில கீபோர்டில் இருப்பவர் அந்த எழுத்தை எப்படி அடிப்பார்? ஜப்பானிய, சீன மெனுக்களில் செய்வதுபோல, பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்தை வைத்து, அதற்கு முன்னால் ஆம்பர்சேண்டைப் போடுங்கள்.

ஆங்கில மெனுவும் வேண்டுமென்றால் அதே மெனுவை, மொழியைக் குறிக்கும் இன்னொரு லாங்குவேஜ் வரிக்குக் கீழே எழுதலாம். எண்களை மட்டும் மாற்றாதீர்கள்; சி++ பக்கம் கட்டளைகளைக் கையாளும் கோடில் ஒரு வரியும் தொட வேண்டியிருக்காது.