முதல் பில்லுக்குப் பணம் வரும்வரை: நடுத்தர நகரப் புத்தொழில், கேள்வி பதில்

சேலம் வாசகர்: நான் ஒருவனே உரிமையாளரான தனியுரிமை நிறுவனமாக ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிறேன். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் கிடைக்குமா?

இப்போதைய வடிவில் கிடைக்காது. எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) அல்லது பிரைவேட் லிமிடெட் தொடங்கலாம். ஆனால் ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் பிரித்தோ மறுசீரமைத்தோ உருவாக்கிய நிறுவனத்துக்கு அங்கீகாரம் இல்லை என்பதால், பலகையை மாற்றுவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

மதுரை வாசகர்: புத்தொழில்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் டான்சீட் தொடக்க நிதி மானியமா, கடனா?

இரண்டும் அல்ல. பொதுவாக 10 லட்சம் ரூபாய் வரையும், பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு 15 லட்சம் வரையும் கொடுத்து, 3 விழுக்காடு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

திருப்பூர் வாசகர்: சாயப்பட்டறைகளுக்கு நீராவிச் செலவை அளக்கும் கருவி செய்கிறோம். மூன்று பட்டறைகள் வாங்கின. ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை. முதலீட்டாளரைத் தேடலாமா?

இப்போது தேட வேண்டாம். நிலுவையை வசூலிக்காமல் போனால் முதலீட்டாளரின் பணமும் அதே பட்டறைகளில்தான் போய் நிற்கும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்களிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களிலும் உங்களுக்குப் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. இதற்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு, சரக்குக் கொடுப்பதற்கு முன்பே இருப்பது நல்லது. எல்லாருக்கும் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: கொள்முதல் ஆணை எழுத்தில் இல்லாமல் கருவியை வண்டியில் ஏற்றாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: பணம் கேட்டு நோட்டீஸ் போனால் மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் ஐயா. பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம்.

கோவை வாசகர்: அவர் சொல்வதுதான் நடைமுறை. எங்கள் பக்கம் உத்யம் சான்றிதழைக் காட்டினாலே வேறு ஆளைத் தேடுகிறார்கள்.

இருவர் சொல்வதையும் மறுக்கவில்லை. பதிவில்லாதவரிடம் வாங்கினால் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நோட்டீஸ் ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? 2024-25 மதிப்பீட்டாண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். நான் கணக்குப் பார்த்த ஒரு சிறு நிறுவனம், மார்ச் முதல் வாரத்தில் பில் எண், தேதி, தொகை மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, உத்யம் சான்றிதழின் நகலோடு, ‘கணக்குச் சரிபார்ப்புக்காக’ என்று தலைப்பிட்டு வாங்கியவரின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பியது. அதில் குறையோ மிரட்டலோ ஒரு சொல்கூட இல்லை. முதலாளியிடம் பேச வேண்டியதை அவருடைய ஆடிட்டரே பேசிவிட்டார். மாதம் முடிவதற்குள் பெரும்பகுதி வந்துசேர்ந்தது.

கோவை வாசகர்: வாங்குபவர் நஷ்டத்தில் ஓடினால் வரிக்கு எதற்குப் பயப்படுவார்?

நியாயமான கேள்வி, அங்கே இந்த வழி பலிக்காது. அப்படிப்பட்டவருக்கு முன்பணம் வாங்காமல் விற்காதீர்கள். வணிகர்களுக்கு, அதாவது வாங்கி விற்பவர்களுக்கு, இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈரோடு வாசகர்: எங்கள் ஊருக்கு முதலீட்டாளர்கள் வருவார்களா?

இதே கேள்வி மூன்றாவது முறை வருகிறது. திருப்பூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: ஸ்மார்ட் சிட்டி திட்டத்தால் புத்தொழிலுக்குப் பயன் உண்டா?

குறைவு. 2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்த அத்திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இருந்தன. பணம் பெரும்பாலும் சாலை, பேருந்து நிலையம், குளக்கரை, விளக்குகளுக்குப் போனது. உங்கள் ஊரின் நியோ டைடல் பூங்காவால் (மாநில அரசின் தகவல் தொழில்நுட்ப அலுவலக வளாகம்) இடப் பிரச்சினை தீரலாம், வாடிக்கையாளர் பிரச்சினை தீராது.

நெல்லை வாசகர்: வணிகச் சின்னப் பதிவு பற்றி?

என் துறை அல்ல, வழக்கறிஞரைக் கேளுங்கள்.

திருப்பூர் வாசகர்: சரக்கு வந்த தேதியையே அவர்கள் மறுத்தால்?

டெலிவரி சலானில் வாங்கியவரின் முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்கி வையுங்கள். 15 நாள்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சரக்கைக் கொடுத்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.